ஆக்டினோமைசினை இன்னொரு முறை கண்டுபிடிக்காமல் இருக்க: ஜி.என்.பி.எஸ். சேவை பற்றி ஒரு மதிப்பீடு

கடல் வண்டலிலிருந்து நுண்ணுயிர்களைப் பிரித்து, அவற்றிலிருந்து புதுச் சேர்மம் தேடும் வேலையில் அதிகப் பணத்தை விழுங்குவது எது என்று கேட்டால், பலரும் கருவிகளின் விலையைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் ஆக்டினோமைசின் என்பேன். 1940இல் வாக்ஸ்மனும் வுட்ரஃபும் மண் நுண்ணுயிரி ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிர்க்கொல்லி அது. எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகறிந்தது. ஆனால் கடல் வண்டலில் கிடைக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா வகைகளும் அதைத் தயாரிக்கின்றன. அகார் தட்டில் ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறம் படரும். ஸ்டெஃபைலோகாக்கஸ் தட்டில் கிருமி வளராத அகலமான தடை வளையம் விழும். ஆராய்ச்சி மாணவி ஓடி வந்து, "மேடம், இது நிச்சயமாகப் புதியது" என்பாள். பிறகு இருபது லிட்டர் வளர்ப்பு, எத்தில் அசிட்டேட்டில் சாறு, சிலிக்கா பத்தி, செஃபடெக்ஸ் பத்தி, எச்.பி.எல்.சி. என்று தூய்மையாக்கவும், மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். எடுக்கவும் மாதங்கள் கரையும். கடைசியில் கையில் நிற்பது அதே பழைய ஆக்டினோமைசின் டி.

இந்த வீண் செலவைத் தொடக்கத்திலேயே தடுக்கும் இணையச் சேவைதான் ஜி.என்.பி.எஸ். (குளோபல் நேச்சுரல் புராடக்ட்ஸ் சோஷியல் மாலிக்யூலர் நெட்வொர்க்கிங்). கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பீட்டர் டோரஸ்டைன், நூனோ பாண்டெய்ரா ஆகியோரின் குழுக்கள் உருவாக்கியது. 2016இல் 'நேச்சர் பயோடெக்னாலஜி' இதழில் இதன் அறிமுகக் கட்டுரை வந்தது. கட்டணம் ஒரு பைசா கிடையாது. தென் கடலோரக் கல்லூரி ஒன்றில் சிறிய ஆய்வகம் நடத்துகிறேன். மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானி எங்களிடம் சொந்தமாக இல்லை, என்.எம்.ஆர். கருவியும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு இந்தச் சேவை எவ்வளவு தூரம் உதவும், எந்த இடத்தில் கைவிட்டுவிடும் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் இது என்ன செய்கிறது என்று பார்ப்போம். நிறை நிறமாலைமானிக்குள் ஒரு மூலக்கூறை மோதி உடைத்தால் துண்டுகள் கிடைக்கும். அப்பளத்தை நொறுக்கினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி உடையும். மூலக்கூறு அப்படியல்ல. எந்தப் பிணைப்பு வலுவில்லாததோ அங்கேதான் ஒவ்வொரு முறையும் உடையும். ஆகவே துண்டுகளின் நிறைப் பட்டியலே, அதாவது துண்டு நிறமாலையே, அந்த மூலக்கூறின் அடையாளம். நீங்கள் ஏற்றும் சாற்றின் துண்டு நிறமாலைகளை, ஏற்கெனவே நூலகத்தில் உள்ள நிறமாலைகளுடன் ஜி.என்.பி.எஸ். ஒப்பிடுகிறது. அதோடு நில்லாமல், உங்கள் நிறமாலைகளைத் தங்களுக்குள்ளேயே ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒரே மாதிரி உடைபவற்றைக் கோடு போட்டு இணைத்து ஒரு வலைப்பின்னலாகக் காட்டுகிறது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு சேர்மம், ஒவ்வொரு கொத்தும் ஒரு மூலக்கூறுக் குடும்பம். இந்த இரண்டாவது வேலைதான் இதன் உயிர். ஒரு கொத்தில் ஒரே ஒரு புள்ளிக்கு நூலகத்தில் பெயர் கிடைத்தால் போதும், மற்றவை அதன் உறவுக்காரர்கள் என்று தெரிந்துவிடும். இரண்டு புள்ளிகளுக்கு இடையில் நிறையில் 14.016 வித்தியாசம் இருந்தால் ஒரு மெத்திலீன் கூடியிருக்கிறது, 15.995 என்றால் ஓர் ஆக்சிஜன், 162.053 என்றால் பெரும்பாலும் ஒரு சர்க்கரை.

ஆக்டினோமைசினையே எடுத்துக்கொள்ளுங்கள். நிறை 1255.6இல் ஒரு புள்ளி, அதைச் சுற்றி 14 கூடியும் குறைந்தும் நிற்கும் சில புள்ளிகள், நூலகத்திலிருந்து தெளிவான ஒரு பொருத்தம். பெரிய வளர்ப்பு எதுவும் தேவையில்லை. ஐம்பது மில்லி குடுவைச் சாறு போதும். அந்த நுண்ணுயிரியைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ஸ்டாரோஸ்போரின், டெஸ்ஃபெரியாக்சமின்கள், சுருகமைடு போன்ற அடிக்கடி தலைகாட்டும் விருந்தாளிகளும் இப்படியே முதல் நாளே பிடிபடுகிறார்கள்.

இதைவிட எனக்குப் பெரிய ஆறுதல் வேறொன்று. பிளாஸ்டிக்கை நெகிழவைக்கச் சேர்க்கும் தாலேட் ஒன்று 391.28இல் வரும். குழாய், மூடி, கரைப்பான் புட்டி என்று எதிலிருந்து வேண்டுமானாலும் சாற்றில் கசியும். இதைக் 'கடல் நுண்ணுயிரியின் நுண்ணுயிர்க்கொல்லி' என்று அறிவிக்கும் கட்டுரைகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆய்வேட்டுத் தேர்வாளராக உட்காரும்போதெல்லாம் பின்னிணைப்பில் நான் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான். 44 வித்தியாசத்தில் ஏணிப்படி போல வரிசையாக நிற்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மாசும் வலைப்பின்னலில் கண்ணில் அறைந்தாற்போலத் தெரியும். இன்னொன்று, வளையமாக இணைந்த புரோலின்–லூசின் இருபெப்டைடு. 211.14இல் வரும் இது நுண்ணுயிரி எதையும் விதைக்காத ஈஸ்ட் சாறு ஊடகத்திலேயே இருக்கும். மாதிரிகளை ஆறு குழுக்களாகப் பிரித்து நிறம் கொடுக்கும் வசதி ஜி.என்.பி.எஸ்.இல் உண்டு. அதில் ஒரு குழுவை வெறும் ஊடகத்துக்கும் வெறும் கரைப்பானுக்கும் ஒதுக்குங்கள். அந்த நிறம் படிந்த புள்ளிகளை எல்லாம் அடித்துவிட்டால் பட்டியல் பாதியாகச் சுருங்கும். வெற்று ஊடகத்தை ஓட்டாமல் யாராவது முடிவைக் கொண்டுவந்தால் நான் காகிதத்தைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இனி, பயன்படுத்துவதில் உள்ள பாடுகள். சேவை இலவசம், தரவு இலவசமல்ல. நிறமாலையைப் பணம் கட்டித்தான் எடுக்க வேண்டும். இங்கேதான் நம் பக்கத்து ஆய்வகங்கள் இடறி விழுகின்றன. நாங்கள் மாதிரி அனுப்பிய ஓர் ஆய்வு மையம் (பெயர் வேண்டாம்) பணத்தை வாங்கிக்கொண்டு, முடிவு என்று அனுப்பியது அழகாக அச்சிட்ட பி.டி.எஃப். பக்கங்களை. மூலக் கோப்பு வேண்டும் என்று கேட்டபோது, "அதெல்லாம் தருவதில்லை, யாரும் கேட்டதும் இல்லை" என்று பதில் வந்தது. பி.டி.எஃப்.ஐ வைத்துக்கொண்டு ஜி.என்.பி.எஸ்.இல் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே மாதிரியை அனுப்பும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முழு நிறையை மட்டும் அளக்காமல், வரும் அயனிகளைத் தானாகவே தேர்ந்து உடைக்கும் முறையில் ஓட்ட வேண்டும். கியூ-டாஃப் அல்லது ஆர்பிட்ராப் போன்ற உயர் துல்லியக் கருவியாக இருக்க வேண்டும். கருவி எழுதிய மூலக் கோப்பை அப்படியே தர வேண்டும். இந்த மூன்றில் எது இல்லாவிட்டாலும் பணத்தைக் கட்டாதீர்கள்.

மூலக் கோப்பு கைக்கு வந்ததும் எம்.எஸ்.கன்வர்ட் என்ற இலவச மென்பொருளில் பொது வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அதற்கு விண்டோஸ் கணினி தேவை. மாற்றும்போது, நிறமாலையின் உச்சிகளை மட்டும் எடுக்கும் 'பீக் பிக்கிங்' வடிகட்டியைப் பட்டியலில் முதலாவதாக வையுங்கள். இல்லையென்றால் கோப்பு பெருத்துவிடும், ஒப்பீடும் குழம்பும். பிறகு அளவுருக்கள். ஜி.என்.பி.எஸ். தொடக்கத்தில் தானாகக் காட்டும் எண்கள், முன்னோடி அயனிக்கு (உடைவதற்கு முன் உள்ள முழு அயனி) 2 டால்டன், துண்டுக்கு 0.5 டால்டன், குறைந்த துல்லியக் கருவிகளுக்கானவை. உயர் துல்லியத் தரவுக்கு இரண்டையும் 0.02க்கு இறக்குங்கள். இரண்டு நிறமாலைகளின் ஒற்றுமையைச் சொல்லும் கொசைன் மதிப்பெண் 0.7, பொருந்த வேண்டிய துண்டுகள் குறைந்தது ஆறு என்ற ஆரம்ப நிலையை ஆக்டினோமைசிட்டுகளுக்கு (ஸ்ட்ரெப்டோமைசிஸ் சேர்ந்த பாக்டீரியாப் பிரிவு) நான் மாற்றுவதில்லை. ஏற்றுவது, ஓடுவது எல்லாம் அவர்களுடைய சர்வரில். முடிந்ததும் மின்னஞ்சல் வரும். நம் பக்கம் சாதாரண மடிக்கணினியும் மின்வெட்டு இல்லாத ஒரு மாலையும் இருந்தால் போதும்.

முடிவுப் பக்கத்தின் தோற்றத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வது கடினம். அடுக்கடுக்கான சுட்டிகள், எண்கள் நிறைந்த அட்டவணைகள். முதல் முறை பார்க்கிறவர் எதை அழுத்துவது என்று திகைப்பார். நூலகப் பொருத்தங்களின் பட்டியலை முதலில் திறந்து, கொசைன் மதிப்பெண்ணை மட்டும் நம்பாமல், இரண்டு நிறமாலைகளையும் மேலும் கீழுமாக வைத்துக் காட்டும் படத்தை ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். நூலக நிறமாலைகளுக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் இருக்கிறது. வெண்கலத்தை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வலைப்பின்னலைச் சைட்டோஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் இறக்கிப் பார்ப்பதே கண்ணுக்கு நல்லது. நிறமாலைத் தரவைப் பதப்படுத்தும் எம்.இசட்.மைன் மென்பொருளைக் கற்றுக்கொள்ளப் பொறுமை உள்ளவர்கள், 2020இல் வெளியிடப்பட்ட மேம்பட்ட முறைக்குப் போகலாம். அது பத்தியிலிருந்து சேர்மம் வெளிவரும் நேரத்தையும் கணக்கில் எடுப்பதால், ஒரே நிறையுள்ள மாற்றியங்களைத் தனித்தனிப் புள்ளிகளாகக் காட்டுகிறது. பழைய முறையில் அவை ஒன்றாகக் கலந்துவிடும்.

சரி, தெரிந்ததை ஒதுக்க உதவுகிறது, புதியதைக் காட்டுகிறதா? இதற்கு எனக்குப் பிடித்த சான்று சாலினிஸ்போரா. உப்பு நீர் இல்லாமல் வளராத கடல் ஆக்டினோமைசிட் அது. ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் வில்லியம் ஃபெனிகல், பால் ஜென்சன் குழுவினர் பஹாமாஸ் வண்டலிலிருந்து பிரித்த சாலினிஸ்போரா ட்ரோபிகாவிலிருந்துதான் 2003இல் சாலினோஸ்போரமைடு ஏ வெளிவந்தது. புற்றுநோய்க்கான மனிதச் சோதனைகள் வரை போன சேர்மம். 2007இல் அந்த இனத்தின் மரபணுத்தொகுதியைப் படித்தபோது, சேர்மம் கட்டும் மரபணுக் கொத்துகள் 17 இருந்தன. தொகுதியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இந்த வேலைக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. அதுவரை அதிலிருந்து கிடைத்திருந்த சேர்ம வகைகளோ அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. 2015இல் 35 சாலினிஸ்போராக்களின் சாறுகளை வலைப்பின்னலாக்கி, எந்த நுண்ணுயிரியில் எந்த மரபணுக் கொத்து இருக்கிறது என்பதோடு அருகருகே வைத்துப் பார்த்தார்கள். ஒரு மூலக்கூறுக் குடும்பமும் ஒரு மரபணுக் கொத்தும் ஒரே இடத்தில் மட்டும் சேர்ந்து தோன்றின. அதைப் பிடித்துக்கொண்டு போய்ப் பிரித்ததுதான் ரெட்டிமைசின் ஏ என்ற புதிய டெப்சிபெப்டைடு. கிடைத்ததையெல்லாம் அரைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, எந்தக் குடுவையில் கையை விடுவது என்று முன்கூட்டியே தேர்வு செய்தார்கள். ஜி.என்.பி.எஸ்.ஐ நான் மதிப்பது இதற்காகத்தான். மரபணுத் தொகுதியைப் படிக்க வசதி உள்ளவர்கள் சேர்மம் கட்டும் மரபணுக் கொத்துகளைத் தேடித் தரும் ஆன்டிஸ்மாஷ் என்ற இன்னோர் இலவசச் சேவையை இதோடு சேர்த்து ஓட்டுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும்.

பூஞ்சைகளிடம் வரும்போது என் உற்சாகம் கொஞ்சம் குறைகிறது. கடல் பூஞ்சைக்கு மருந்து வரலாற்றில் பெரிய பெயர் உண்டு. 1945இல் சார்டினியாவின் காலியாரி நகரில், கழிவுநீர் கடலில் கலக்கும் இடத்தில் ஜுசெப்பே ப்ரோட்சு எடுத்த பூஞ்சையிலிருந்துதான் செஃபலோஸ்போரின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிப் பரம்பரையே தொடங்கியது. ஆனால் பூஞ்சைகள் தயாரிக்கும் பல சேர்மங்கள் சின்னவை. உடைத்தால் நாலைந்து துண்டுகளுக்கு மேல் தராது. பொருந்தும் துண்டுகள் குறைந்தது ஆறு இருக்க வேண்டும் என்ற விதியில் அவை வடிகட்டப்பட்டு, வலைப்பின்னலில் தனிப் புள்ளிகளாக அநாதையாக நிற்கும். அந்த எண்ணை நான்காகக் குறைத்தால் கொத்துகள் உருவாகும், கூடவே பொய்யான இணைப்புகளும் பெருகும். அலையாத்திக் காட்டின் மட்கிய மரத்தில் கிடைத்த ஆஸ்பெர்ஜில்லஸ் டெரியஸ் ஒன்றை ஓட்டினோம். பியூட்டிரோலாக்டோன் ஒன்று அழகாக 425.16இல் மாட்டியது. அதே பூஞ்சை தயாரிக்கும், 155இல் வர வேண்டிய டெரீன் என்ற சின்னச் சேர்மமோ வலைப்பின்னலில் எங்கும் ஒட்டவில்லை. என் பூஞ்சை மாணவர்களுக்கு நான் சொல்லியிருப்பது: ஜி.என்.பி.எஸ். பார்த்தபின், துல்லியமான நிறையை வைத்து 'நேச்சுரல் புராடக்ட்ஸ் அட்லஸ்' தரவுத்தளத்திலும் தேடு. கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் ரோஜர் லினிங்டன் குழு நடத்தும் இதுவும் இலவசம். நுண்ணுயிர், பூஞ்சைச் சேர்மங்கள் மட்டுமே கொண்டது. எண்ணிக்கை 30,000ஐத் தாண்டிவிட்டது. கடற்பஞ்சு, பவளம் என்று பெரிய உயிர்களையும் சேர்த்துத் தேட மாரின்லிட் இருக்கிறது. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் பிறந்து இப்போது பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரியிடம் இருக்கிறது. சந்தா கட்ட வேண்டும். நுண்ணுயிரோடு நிற்கிறவர்களுக்கு அது கட்டாயமில்லை என்பது என் கருத்து.

ஜி.என்.பி.எஸ்.இன் இயல்பான எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். நூலகத்தில் இல்லாததற்குப் பெயர் வராது, இல்லாதவை ஏராளம். இந்த வகை ஆய்வுகளில் கிடைக்கும் நிறமாலைகளில் சராசரியாக 2 சதவீதத்துக்குத்தான் பெயர் சூட்ட முடிகிறது என்று டோரஸ்டைன் உள்ளிட்டோரே 2015இல் எழுதினார்கள். ஆகவே 'பெயர் வரவில்லை' என்பதைப் 'புதியது' என்று படிக்கக் கூடாது. பழைய சேர்மம் ஒன்றின் நிறமாலையை யாரும் ஏற்றாமல் விட்டிருக்கலாம். கடல் சாறுகளுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. உப்பைச் சரியாக நீக்காவிட்டால் சேர்மம் சோடியத்தைக் கட்டிக்கொண்டு 22 கூடுதலான நிறையில் வரும். அப்படி வந்தால் சரியாக உடையாது, தன் சொந்தக் குடும்பத்தோடும் சேராது. ஆக்டினோமைசின் 1277.6இல் தனியாக நின்று உங்களை ஏமாற்றும். எக்ஸ்.ஏ.டி. பிசின் மணிகளையோ சி-18 பொதியையோ பயன்படுத்தி உப்பைக் கழுவிவிட்டு அனுப்புவது நல்லது. ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இடது, வலது வடிவங்களையும் இந்த முறையால் பிரித்துச் சொல்ல முடியாது. நூலகப் பொருத்தம் ஓர் ஊகம். அடையாளம் என்று எழுத என்.எம்.ஆர். வேண்டும், அதற்கு மில்லிகிராம் கணக்கில் தூய பொருள் வேண்டும். வலைப்பின்னல் படத்தை மட்டும் ஒட்டி 'புதிய சேர்மம் கண்டோம்' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால், தாலேட் கட்டுரைக்காரர்களைப் பார்க்கும்போது வரும் அதே எரிச்சல்தான் எனக்கு வருகிறது.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? பத்து இருபது நுண்ணுயிரிகளைக் கையில் வைத்துக்கொண்டு எதை வளர்ப்பது என்று குழம்பும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு, தயங்காமல். ஒரே ஒரு தூய சேர்மத்தை வைத்திருப்பவருக்கு இதனால் பெரிய பயனில்லை, நேரே என்.எம்.ஆர். எடுக்கப் போகலாம். தடை வளையத்தை மட்டும் அளந்து கட்டுரை எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது கசக்கும், ஏனென்றால் வளையத்தைப் போட்டது எந்தப் பழைய சரக்கு என்பதை இது போட்டு உடைத்துவிடும்.

தரவைத் திருடிவிடுவார்களோ என்ற பயம் நம்மிடம் அதிகம். ஏற்றிய கோப்புகள் மாஸிவ் என்ற களஞ்சியத்தில் சேர்கின்றன. நாம் திறந்துவிடும் வரை மூடியே இருக்கும். கட்டுரை வெளியானதும் திறந்துவிடுவது எங்கள் ஆய்வக வழக்கம். அதற்குக் காரணம் பெருந்தன்மை அல்ல. பொதுவில் வைத்த தரவை நூலகம் வளர வளர ஜி.என்.பி.எஸ். தானே மறுபடி ஒப்பிட்டு, புதிதாகப் பொருந்தியவற்றை மின்னஞ்சலில் தெரிவிக்கிறது. 2020இல் வந்த மாஸ்ட் என்ற தேடல் வசதியோ, நம்மிடம் உள்ள ஒரே ஒரு நிறமாலையைக் கொடுத்தால், உலகில் வேறு எந்தப் பொதுத் தரவில் அது தென்பட்டிருக்கிறது என்று தேடிச் சொல்கிறது. மன்னார் வளைகுடா வண்டல் நுண்ணுயிரி ஒன்றில் பெயர் கிடைக்காமல் நிற்கும் ஒரு கொத்து எங்களிடம் இருக்கிறது. பெரிய வளர்ப்புக்குப் பணம் ஒதுக்கக் கேட்டு எழுதும் திட்ட விண்ணப்பத்தில் அந்தத் தேடலின் முடிவைத்தான் முதல் பக்கத்தில் வைக்கப் போகிறேன்.